சின்னவளின் நடிகர், பெரியவளின் பாடகர்

அந்த லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்று போய் இன்றோடு எட்டு நாள். அன்றைக்கே பழுது பார்த்துவிட்டார்கள். அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நம் பெரியவளின் வீட்டில்தான் அது இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்காக இரண்டு வரி. திரைச்சீலைக் கடையில் வேலை பார்க்கும் சின்னவள், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜன்னல்களுக்கு அளவெடுக்கப் போனாள். லிஃப்டில் அவளோடு ஏறியவர், பெயரைச் சொன்னால் தெரு திரும்பிப் பார்க்கும் ஒரு நடிகர். பதினொரு நிமிடம் இருவரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். கதவு திறந்தபோது சின்னவளின் கையில் ஒரு செல்ஃபி இருந்தது. கழுத்தில் அளவு நாடா, முகத்தில் பாதி அழுகை, பாதி சிரிப்பு. பக்கத்தில் நடிகர்.

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி, தம்பி பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே மாமியார்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஹாலில் டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டுப் பெரியவள் ஓடி வந்தாள். அவள் கணவன் ஸ்டூலின் மேல் நின்றிருந்தான். சுவரில் இருந்த படம் ஒன்று கழற்றப்பட்டு, சோபாவின் மேல் முகம் குப்புறக் கிடந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"சின்னவளோட போட்டோவை மாட்டணுமாம். ஃப்ரேம் போட்டு வந்துடுச்சு."

"அது என் போட்டோங்க."

"ரெண்டு நாளைக்குத்தான். வேற இடத்துல ஆணி இறங்க மாட்டேங்குது. எல்லாம் கான்கிரீட்."

சோபாவில் கிடந்தது, பெரியவள் பட்டம் வாங்கியபோது எடுத்த படம். காது கேட்கும் திறனைச் சோதிக்கும் படிப்பு. கல்யாணமாகி, ஒரு குழந்தையும் பிறந்த பிறகு, பஸ்ஸில் நின்றுகொண்டே புத்தகம் படித்து வாங்கிய பட்டம். பன்னிரண்டு வருடமாக அந்தச் சுவரில் இருந்தது. அதைப் பார்க்க யாரும் வீட்டுக்கு வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

"சாயங்காலம் மூணாம் மாடிக்காரங்க வர்றாங்க. கூட ஏழெட்டுப் பேரைக் கூட்டிட்டு வர்றாங்களாம்" என்றாள் மாமியார், டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்தபடி. "வந்தவங்க எதைப் பார்ப்பாங்க? நீ கறுப்பு அங்கி போட்டுட்டு நிக்கறதையா?"

மாமியார் கெட்டவள் இல்லை. நினைத்ததைச் சொல்லிவிடுவாள், சொன்னதை மறந்தும்விடுவாள். கேட்டவர்களால்தான் மறக்க முடியாது.

அறையிலிருந்து சின்னவள் வந்தாள். ஈரத் தலையைத் துண்டால் சுற்றியிருந்தாள்.

"ஐயோ, அத்தான், அக்கா படத்தையா எடுத்தீங்க? வேண்டாம். என்னோடதை என் ரூம்லயே வச்சுக்கறேன்."

"அதெல்லாம் இல்லம்மா. ஹால்ல இருக்கட்டும்" என்றான் அவன், ஸ்டூலில் இருந்து இறங்காமலே.

பெரியவளுக்கு அந்த "வேண்டாம்"தான் அதிகமாக எரிந்தது. இவள் திமிராக ஒரு வார்த்தை சொன்னால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம். நல்லவளாக வேறு இருந்து தொலைத்தால் என்ன செய்வது?

தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் துணி அலமாரியில் போர்வைகளுக்கு நடுவில் செருகினாள். கதவைச் சற்று வேகமாகவே சாத்தினாள்.

ஹாலில் மாமியாரின் போன் பாட ஆரம்பித்தது. தினமும் காலையில் ஒரே பாடகரின் குரல்தான். அதைக் கேட்டுக்கொண்டே மாமியார் அவரைத் திட்டுவதும் தினமும் நடப்பதுதான்.

"குரல் என்னவோ குரல்தான். ஆளுக்குத்தான் உடம்பு பூராத் திமிர். ரயில்வே ஸ்டேஷன்ல ரெண்டடி தூரத்துல நின்னு, தம்பி, தம்பி, தம்பின்னு மூணு தடவை கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தானா? நான் என்ன அவன் சொத்தையா கேட்டேன்? நல்லாப் பாடறேப்பான்னு சொல்லக் கூப்பிட்டேன்."

"எங்க ஆள் அப்படி இல்ல அத்தை" என்றாள் சின்னவள். "லிஃப்ட்ல என்னைப் பார்த்து, பயப்படாதீங்க சிஸ்டர், நான் இருக்கேன்ல, அப்படின்னார்."

எங்க ஆள்! பெரியவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அவள் மனம் ஆறவில்லை. முதல் நாள் சொன்னபோது நடிகர் வெறுமனே "பயப்படாதீங்க" என்றுதான் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் அதில் "சிஸ்டர்" வந்து ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் நாள் அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நேற்று, எந்தத் துணி வெயிலுக்கு நிறம் மங்காது என்று சின்னவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். இன்னும் ஒரு வாரம் போனால் அந்த லிஃப்டில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீட்டையே கட்டி முடித்துவிடுவார்கள்.

இதையெல்லாம் ஒருத்தராவது யோசிக்கிறார்களா? பதினொரு நிமிடத்தில் எவ்வளவு பேச முடியும்?

யோசிக்க யோசிக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. நாற்பத்தொரு வயதில் இப்படி ஒரு வயிற்றெரிச்சலா? நடிகரின் படம் ஒன்றைக்கூட அவள் தியேட்டருக்குப் போய்ப் பார்த்ததில்லை. அவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. அவள் ஆசையெல்லாம், வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது யாராவது ஒருத்தர், "வா வா, என்ன நடந்துச்சு சொல்லு" என்று கேட்க வேண்டும் என்பதுதான். சின்னவளை இப்போது தினமும் கேட்கிறார்கள்.

அவள் வேலை பார்க்கும் காது பரிசோதனை நிலையத்தில் அவளுக்காக டாக்டர் காத்திருந்தார். அந்த இடத்தை நடத்துகிறவர் அவர்தான். அறுபது வயது. சுருக்கமாகப் பேசுவார்.

"பதினொன்றரைக்கு ஒருத்தர் வர்றார். பின்பக்க வாசல் வழியா வருவார். ரிஜிஸ்டர்ல அவர் டிரைவரோட பேரை எழுதியிருக்கேன். டெஸ்ட் நீதான் பண்ணணும். வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது."

"யார் மேடம்?"

"வந்தாத் தெரியும். உன்னை நம்பித்தான் சரின்னு சொன்னேன்."

தொப்பியும் முகக்கவசமுமாக வந்தவர் அறைக்குள் வந்து அதையெல்லாம் கழற்றியபோது, பெரியவளின் கையில் இருந்த ஹெட்ஃபோன் நழுவி மேஜையில் விழுந்தது. இன்று காலையில்தான் இந்த மனிதர் அவள் வீட்டு ஹாலில் பாடிக்கொண்டும் திட்டு வாங்கிக்கொண்டும் இருந்திருக்கிறார்!

படங்களில் பார்த்ததைவிடக் குள்ளம். தலைக்குச் சாயம் அடித்து நாளாகியிருந்தது. காதோரம் வெள்ளை எட்டிப் பார்த்தது.

"உட்காருங்க சார். எத்தனை நாளா இந்தப் பிரச்சினை இருக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டி, "மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசறீங்களாம்மா? வாயைப் பார்த்தாத்தான் எனக்குப் புரியும்" என்றார்.

பெரியவள் கழற்றினாள். அவ்வளவு நேரம் மனதில் குதித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அப்படியே அடங்கியது. இனி அவர் அவளுக்கு ஒரு நோயாளி.

சத்தம் புகாத சிறிய அறையில் அவரை உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அமர்ந்து ஒவ்வொன்றாக அனுப்பினாள். கனமான சத்தங்களுக்கெல்லாம் சரியாக அழுத்தினார். மெல்லிய கூர்மையான சத்தங்கள் வந்தபோது அவர் விரல் அசையவில்லை. கூட்டினாள். அசையவில்லை. இன்னும் கூட்டினாள். அவர் கண்ணாடி வழியே அவளைப் பார்த்து, ஆரம்பிக்கலாமே என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார். சத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது.

பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பேரிடம் கண்ட காட்சிதான். 

வரைபடத்தை அவர் முன் வைத்தாள். இடமிருந்து வலமாகப் போகும் கோடு, பாதிக்கு மேல் மாடிப்படி உடைந்ததுபோலக் கீழே விழுந்திருந்தது. இரண்டு காதுக்கும் அப்படித்தான்.

"குருவிச் சத்தம், விசில், குழந்தைங்க பேசறது, இதெல்லாம் உங்களுக்குச் சரியாக் கேக்காது சார். கூட்டத்துல யாராவது பின்னாடி நின்னு கூப்பிட்டாலும் தெரியாது."

"தெரியாது" என்றார் அவர். "அதுக்குத்தான் எனக்குத் திமிர் பிடிச்சவன்னு பேரு."

பெரியவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"முதல் தடவை பத்திரிகையில எழுதினப்போ ராத்திரியெல்லாம் தூக்கம் வரலம்மா. அப்புறம் யோசிச்சேன். திமிர் பிடிச்சவனைப் பாடக் கூப்பிடுவாங்க. காது கேக்காதவனைக் கூப்பிடுவாங்களா? சரி, திமிராவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். இப்போ யார் என்னைக் கூப்பிட்டாலும், அது நிஜமாவே கூப்பிட்டாங்களா, எனக்குத் தோணுதான்னு தெரியாம நேராப் பார்த்து நடந்துடுவேன்."

"மேடையில எப்படி சார் சமாளிக்கறீங்க?"

"பழக்கம்தான். தாளம் தரையில அதிரும், கால்ல தெரியும். மத்ததுக்கு எல்லார் வாயையும் கையையும் பார்த்துட்டே பாடணும். என்கூட ஒரு பொண்ணு பாடுது. இருபத்தி மூணு வயசு. கண்ணை மூடிட்டுப் பாடும். நான் பக்கத்துல நின்னு அதைப் பார்ப்பேன். வயிறு எரியும்மா. பாட்டுக்காக இல்ல. அந்த மூடின கண்ணுக்காக."

இவ்வளவு பெரிய ஆளுக்குமா என்று பெரியவளுக்கு வியப்பாக இருந்தது. கூடவே வெட்கம் கெட்ட ஓர் ஆறுதலும் வந்தது.

சாயங்காலம் நிலையத்தை மூடிய பிறகு, ஆறரை மணிக்கு அவரை மறுபடியும் வரச் சொன்னார் டாக்டர். காதுக்குள்ளேயே மறைந்துவிடும் சின்னக் கருவி ஒன்றை மாட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. கிளம்பும்போது பாடகர் பெரியவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எங்க வீட்டுல இருக்கறவங்களுக்குக்கூட இது முழுசாத் தெரியாதும்மா. நீங்க பார்த்துக்கணும்."

"எங்கிட்ட இருந்து போகாது சார்" என்றாள் பெரியவள். அப்போது அதை முழு மனதோடுதான் சொன்னாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அந்த ரகசியம் அவள் மடியில் ஒரு குழந்தைபோல உட்கார்ந்திருந்தது. சின்னவளுக்குப் பதினொரு நிமிடம். எனக்கு ஒன்றரை மணி நேரம். அவளிடம் நடிகர் "பயப்படாதீங்க" என்றார். என்னிடம் பாடகர் தன் பயத்தையே சொன்னார். அவள் பார்த்தது ஒரு முகத்தை. நான் பார்த்தது... இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பது நினைவுக்கு வந்ததும், மடியில் இருந்த குழந்தை கல்லாகக் கனத்தது.

அவள் வீட்டுப் படியேறும்போது ஆறு மணி. உள்ளே ஒரே சிரிப்பு.

ஹாலில் பத்துப் பேர் இருந்தார்கள். சோபாவில் நாலு பேர், நாற்காலிகளில் மூன்று பேர், மிச்சப் பேர் தரையில். மூன்றாம் மாடிக்காரி போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவள் அவள்தான். யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் முதலில் அவள் போனில்தான் சொட்டும். சின்னவள் புதுப் படத்துக்குக் கீழே நின்று கை கால்களை ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் சொன்னாள். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"வந்துட்டியா? டீ போட்டுக் கொண்டா, பெரியவளே" என்றாள் மாமியார். பெரியவள் செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

டீயைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தபோது பேச்சு திசை மாறியிருந்தது.

"எல்லாரும் உங்க நடிகர் மாதிரி இருப்பாங்களா?" என்றாள் மூன்றாம் மாடிக்காரி. "அந்தப் பாடகர் இருக்காரே, என் தங்கச்சி பொண்ணு போன வருஷம் ஆட்டோகிராஃப் கேட்டுப் பின்னாடியே ஓடினா. சார் சார்னு கத்தறா. திரும்பவே இல்ல. குழந்தை தேம்பித் தேம்பி அழுதுச்சு."

"நான் சொல்லல?" மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மூணு தடவை, தம்பி, தம்பின்னு..."

"பணம் வந்துட்டாக் கண்ணு தெரியாதும்பாங்க. இவருக்குக் காதும் கேக்காது போல!" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"விடுங்க, சிலருக்குப் புகழைத் தாங்கத் தெரியாது" என்றாள் சின்னவள், பெரிய மனுஷித்தனமாக.

 கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புருவத்தைத் தூக்கிய அந்த முகம் பெரியவளின் கண்முன் வந்தது. இவளுக்கு என்ன தெரியும்? லிஃப்டில் நின்றதால் இவள் புகழைப் பற்றிப் பாடம் நடத்துகிறாளா?

"அவருக்குத் திமிர் இல்ல" என்றாள்.

யாரும் திரும்பவில்லை. மூன்றாம் மாடிக்காரியின் போன் மட்டும் அவள் பக்கம் திரும்பியது.

"அவருக்குக் காது கேக்காது. எனக்குத் தெரியும்."

பத்துத் தலைகளும் திரும்பின.

அவருக்காகப் பரிந்து பேசியதாக அவள் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். அதில் பாதி உண்மைதான். மறுபாதி இதுதான்: அந்த ஹாலில், பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அத்தனை கண்களும் அவள் மேல் இருந்தன. அது வெயிலில் நடந்து வந்தவனுக்குத் தண்ணீர் கிடைத்ததுபோல இருந்தது. ஒரு விநாடி குடித்தாள். அடுத்த விநாடியே, தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. 

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" மூன்றாம் மாடிக்காரியின் போன் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. "உங்க இடத்துக்கு வந்தாரா?"

 இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது.

அப்போது சின்னவள் கலகலவென்று சிரித்தாள்.

"அக்காவுக்கு உலகத்துல யாருக்குமே காது கேக்காது! நான் ரெண்டு தடவை 'என்னக்கா'ன்னு கேட்டா, உட்காரு உனக்கு ஒரு டெஸ்ட் பண்ணணும்பாங்க. போன மாசம் பால்காரரையே டெஸ்ட் பண்றேன்னுட்டாங்க!"

சிலர் சிரித்தார்கள். மூன்றாம் மாடிக்காரி சிரிக்கவில்லை. அவள் கண் பெரியவளின் முகத்தை விட்டு நகரவில்லை.

"இல்ல, அவங்க முகத்தைப் பாருங்களேன்..."

"முகத்தை விடுங்க" என்றாள் சின்னவள். சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரில் இருந்த படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நான் ஒண்ணு சொல்லணும். அந்த நடிகர் என்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசல."

மூன்றாம் மாடிக்காரியின் போன் சின்னவள் பக்கம் திரும்பியது.

"பதினொரு நிமிஷமும் போனையே பார்த்துட்டு இருந்தார். நான்தான் அழுதேன். கதவு திறந்தப்போ வெளியே ஆளுங்க இருந்தாங்க. அதனால செல்ஃபிக்குச் சிரிச்சார். சிஸ்டர், தண்ணி பாட்டில், துணி நிறம், எல்லாம் நான் சொன்னது. நீங்கள்லாம் கேட்டீங்க. எனக்குச் சொல்ல ஆசையா இருந்துச்சு."

மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடகரும் அவர் காதும் எல்லாருக்கும் மறந்தே போயின. ஒருத்தி "நான் அப்பவே நினைச்சேன்" என்றாள். அவள்தான் சற்று முன்னால் லிஃப்ட் கதைக்குக் கை தட்டியவள். பாதி டீயை வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். படிக்கட்டில் போகும்போதே அவர்கள் சிரிப்பது கேட்டது.

சமையலறையில் சின்னவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியவள் பின்னால் போய் நின்றாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க சொன்னது நிஜம்னு தெரிஞ்சுது. உங்க வேலை போயிடும்ல அக்கா."

"நீ சொன்னது?"

"அதுவும் நிஜம்தான்." சின்னவள் திரும்பவில்லை. "எட்டு நாள் நல்லா இருந்துச்சு. உங்களுக்கென்ன, தினமும் நாலு பேர் உங்களைத் தேடி வர்றாங்க, காது கேக்குதுன்னு சொல்லிட்டுப் போறாங்க. என்னை யார் கேக்கறாங்க? ஜன்னல் அகலம் எவ்வளவுன்னுதான் கேப்பாங்க."

பெரியவள் அவள் தோளைத் தொடக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. நன்றியால் மனம் நிறைந்திருந்தது. நிறைந்த மனதின் ஒரு மூலையில் அந்தப் பழைய முள்ளும் இருந்தது. இத்தனை நாள் சின்னவளின் படத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். இப்போது அவள் குணத்தைப் பார்த்தும் பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டதே! இவள் இடத்தில் நான் இருந்திருந்தால், பத்துப் பேர் முன்னால் என் கதையை நானே கிழித்துப் போட்டிருப்பேனா?

மாட்டாள். அது அவளுக்கே தெரிந்தது.

"பெரியவளே!" மாமியார் போனோடு உள்ளே வந்தாள். "இங்க பாரேன், குரூப்ல உன் மூஞ்சி வந்திருக்கு!"

எட்டு விநாடி வீடியோ. கையில் டீத் தட்டோடு பெரியவள். "அவருக்குக் காது கேக்காது. எனக்குத் தெரியும்." அதோடு முடிந்தது. சின்னவளின் சிரிப்பும் இல்லை, பால்காரரும் இல்லை. மேலே மூன்றாம் மாடிக்காரி எழுதியிருந்தாள்: 'நம்ம குடியிருப்பு மேடம் சொல்ற அதிர்ச்சித் தகவல்! பாடகர் யாருன்னு கண்டுபிடிங்க!'

கீழே இதயக் குறிகள் ஏறிக்கொண்டிருந்தன. இருபத்தாறு. முப்பத்தொன்று. யாரோ அந்தப் பாடகரின் பெயரைச் சரியாகவே எழுதிவிட்டார்கள்.

முப்பத்தேழு. பெரியவளின் நெஞ்சில் ஏதோ ஒன்று குளிர்ந்து இனித்தது. அது என்ன என்று புரிந்ததும், மாமியார் நீட்டிய போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் மேல போய் அழிக்கச் சொல்றேன்" என்று சின்னவள் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினாள்.

"அழிச்சாலும் பார்த்தவங்க பார்த்ததுதான். நில்லு." பெரியவள் தன் போனை எடுத்தாள். மணி ஆறு ஐம்பது. டாக்டரின் எண்ணை அழுத்தினாள். யோசித்தால் தைரியம் போய்விடும் என்பதால் "ஹலோ" கேட்டதுமே சொல்லிவிட்டாள்.

"மேடம், நான்தான். வீட்டுல எல்லார் முன்னாடியும் அவரைப் பத்திச் சொல்லிட்டேன். வீடியோ எடுத்து எங்க குரூப்ல போட்டுட்டாங்க. நூத்தி நாப்பது பேர் இருக்கற குரூப். தப்பு என்னுதுதான்."



"அவர் பக்கத்து ரூம்லதான் இருக்கார்" என்றார் டாக்டர். "இப்பதான் மெஷினை மாட்டினேன். ஃபேன் சத்தம் கேக்குதுன்னு சொல்லிக் குழந்தை மாதிரி சிரிச்சுட்டு இருக்கார். காகிதத்தைக் கசக்கிக் கசக்கிக் கேட்டுட்டு இருக்கார். அந்தச் சிரிப்பை நான் போய்க் கலைக்க மாட்டேன். நீ வா. நீயே உன் வாயால சொல்லு. அதுவரைக்கும் அவரை உட்கார வச்சிருக்கேன்."

போன் வைக்கப்பட்டது.

"நான் போகணும்" என்றாள் பெரியவள். 

"தனியா எதுக்குப் போறீங்க? நானும் வர்றேன்" என்றாள் சின்னவள். "அவர் திட்டினா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கலாம். மூணாம் மாடிக்காரங்க கேட்டதுக்கு நான் எப்படிப் பேச்சை மாத்தினேன்னு நானே சொல்றேன்."

பெரியவள் தலையாட்டினாள். இந்த நேரத்தில் கூட ஓர் ஆள் இருந்தால் நல்லதுதான் என்று நிஜமாகவே நினைத்தாள்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். சின்னவள் இன்னும் வரவில்லை. ஹால் கண்ணாடி முன் நின்று அவசர அவசரமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வாரி முடித்துவிட்டு, கழுத்தைச் சாய்த்து ஒரு தடவை சிரித்தும் பார்த்துக்கொண்டாள்.

அவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். இவள் பேச ஆரம்பித்தால், அவர் இவள் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருப்பார்!

"நீ வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் தனியாகப் படியிறங்கினாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று தோன்ற, பாதிப் படியில் அவள் கால் தயங்கியது.